தொண்டையில் ஒன்றுமில்லை

எனக்கு வந்தது என்ன நோய் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. உணவு சம்பந்தப்பட்ட நோய் என்றால் சர்க்கரையா என்கிறார்கள். மனம் சம்பந்தப்பட்டது என்றால் சட்டென்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கலாம். அவர் கண்ணில் இது படட்டும்.

என் பெயர் புவனா. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் சேகர் லிஃப்ட் மெக்கானிக். கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் எங்காவது ஒரு லிஃப்ட் பாதியில் நின்றால் அவருடைய கைப்பேசி அடிக்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

தொடங்கியது ஒரு கல்யாண விருந்தில். கிள்ளானில் ஒரு மண்டபம். மேடையில் பாட்டு, மேசையில் ஆட்டுக்கறி வறுவல். பக்கத்து நாற்காலியில் யாரோ ஏதோ சொல்ல, நான் சிரித்தேன். சிரிக்கும்போது கறித்துண்டு வழுக்கிக்கொண்டு போய் எங்கோ நின்றுவிட்டது. இருமல் வரவில்லை. மூச்சும் வரவில்லை. எழுந்து நின்றேன். பாட்டுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் விலகிப்போனது. மண்டபத்து விளக்குகள் ஒவ்வொன்றும் பெரிதாகி, ஒன்றோடொன்று கலந்து, மஞ்சளாக மிதந்தன. சாவதற்கு முன்னால் இவ்வளவு அழகாக இருக்குமா என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பின்னாலிருந்து யாரோ ஒரு ஆள் என் விலாவுக்குக் கீழே இரண்டு கைகளையும் கோர்த்து ஓங்கி இழுத்தார். துண்டு வெளியே வந்து விழுந்தது. அவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

"போன உசுரு திரும்பி வந்துச்சு லா," என்று சேகர் சிரித்தார். நானும் சிரித்தேன். மணமக்களோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் தோசையைப் பிட்டு வாயில் வைத்தேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அது உள்ளே போகவில்லை. நேற்றுப் பட்டது புண்ணாயிருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டிஷ்யூவில் துப்பிவிட்டு ஒரு குவளை மைலோ பானம் குடித்தேன்.

சரியாகவில்லை. கறியை விட்டேன். பிறகு சோற்றை விட்டேன். ரொட்டி, இட்லி, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக என் தட்டைவிட்டு இறங்கிப் போயின. ஒன்றை விட்ட அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். அடுத்த வாரம் மீதியிருப்பதில் ஒன்று பயமுறுத்தும். கடைசியில் மிஞ்சியது மைலோவும் வடிகட்டிய கஞ்சியும். கம்போங் மேடானில் இருக்கும் என் நாத்தனார் வசந்தா அக்கா வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து, கஞ்சி காய்ச்சி, புது மல்துணியில் வடிகட்டி, சின்னச் சின்னப் போத்தல்களில் ஊற்றி ஐஸ்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவார். எனக்கு என்ன என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கப் பயந்தார் என்று இப்போது புரிகிறது. அவர் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் காலையில் பார்ப்பவர்கள் எல்லாம் 'பசியாறியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். அது கேள்விகூட இல்லை, வணக்கம் சொல்வதுபோல. அலுவலகத்தில் படியேறும்போதே அந்த வணக்கம் என்னைத் தேடி வரும். ஆச்சு, ஆச்சு என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவேன்.

"என்னா புவனா, சும்மா ஸ்லிம்மாயிட்டே? என்னா டயட்டு? எங்களுக்கும் சொல்லேன் லா," என்று என்னோடு வேலை செய்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். எனக்கு மெலிய வேண்டும் என்ற எண்ணமே இருந்ததில்லை. மாலையில் வீடு திரும்பும்போது வறுத்த கோழி மணம் வந்தால் கண்ணில் நீர் கட்டும். அவ்வளவு பசி. ஆனால் பசி ஒரு பக்கம் நின்றது, தொண்டை இன்னொரு பக்கம் நின்றது. நடுவில் பாலம் இல்லை.

மாதங்கள் போகப்போக அந்தப் பசியும் அடங்கிவிட்டது. அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? உடம்புக்கு எடை இல்லாததுபோல இருக்கும். கொம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களும் தொழிற்சாலைக் கூரைகளும் ஒரு மெல்லிய தாளுக்குப் பின்னால் நகர்வதுபோலத் தெரியும். பேசுகிறவர்களின் உதடு முதலில் அசையும், குரல் பிறகு வரும். எனக்கு அது பிடித்திருந்தது. எதுவும் வலிக்காத ஒரு இடத்துக்குக் குடிபோய்விட்டதாக நினைத்தேன். அது பட்டினியில் மூளை காட்டும் மயக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

சேகர் என்னை டாக்டர் டாக்டராக அழைத்துக்கொண்டு போனார். முதலில் கிளினிக். பிறகு காது மூக்கு தொண்டை நிபுணர். பிறகு எண்டோஸ்கோபி. கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய்வழியாக வயிறுவரை இறக்கிப் பார்ப்பது. மயக்க ஊசி போட்டிருந்தார்கள். கண்விழித்தபோது, "எல்லாம் கிளீன்," என்றார்கள்.

அதற்கும் பிறகு பேரியம் சோதனை. சுண்ணாம்புக் கரைசல்போல் கெட்டியான ஒரு வெள்ளைத் திரவத்தை விழுங்கச் சொல்லி, அது இறங்கும் வழியை எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இருட்டறை. குளிர். நான் நின்ற இடத்திலிருந்தே திரை தெரிந்தது. என் தாடை எலும்பு, கழுத்தெலும்பு, அவற்றின் நடுவே ஒரு நிழல். ஒரு மிடறு விழுங்கினேன். வெள்ளையாக ஒரு ஓடை நெளிந்து, எங்கும் நிற்காமல், தடங்கலே இல்லாமல் இறங்கிப் போனது. இவ்வளவு அகலமான வழியா எனக்குள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு யாரோ ஒருத்தியின் தொண்டையைப் பார்ப்பது போலிருந்தது.

"நார்மல், மேடம். தொண்டையில ஒண்ணுமில்ல," என்றார் எக்ஸ்ரே பார்த்த டாக்டர்.

கார் நிறுத்துமிடத்தில் சேகர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதார். சந்தோஷ அழுகை. "ஒண்ணுமில்லையாம் புவனா. கேட்டியா? ஒண்ணுமே இல்லையாம்!" எனக்கு மட்டும் காலடியில் தரை நழுவியது. ஏதாவது இருந்தால் வெட்டி எடுப்பார்கள். ஒன்றுமே இல்லாததை எப்படி எடுப்பது?

ஒருநாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மயங்கி விழுந்தேன். சேகர் அங்கே ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். வேலை முடிந்ததும் சேர்ந்து கோவிலுக்குப் போகலாம் என்று ரயிலில் வந்திருந்தேன். மத்தியான வெயில். பூக்கடைகளில் மல்லிகை குவிந்திருந்தது. அந்த வெள்ளை மெல்ல மெல்லப் பரவி நடைபாதையை மூடி, வானம்வரைக்கும் போனது. விழுந்த வலி தெரியவில்லை. "அக்கா! அக்கா! யாராச்சும் தண்ணி கொண்டாங்க!" என்று பூக்கடைக்காரர் கத்தியது எங்கோ தொலைவில் கேட்டது. தண்ணீர் வேண்டாம், தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல நினைத்தேன். அந்த நிலையிலும் எனக்கு அதுதான் பயம்.

அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துவிட்டது என்றார்கள். இதயம் ஒழுங்காகத் துடிக்க அந்த உப்பு வேண்டுமாம். கையில் டிரிப். மார்பில் ஒட்டிய கம்பிகள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். அதில் பால்போன்ற சத்துணவைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

"ஏன் இவ்ளோ கொஞ்சமா குடுக்குறீங்க? எலும்பும் தோலுமா கிடக்கிறாளே!" என்று சேகர் கேட்டார்.

தமிழ் பேசும் ஒரு நர்ஸ் மிஸ்ஸிதான் விளக்கினார். "அண்ணே, ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு நெறைய குடுத்தா ஆபத்து. ரத்தத்துல இருக்கிற உப்பெல்லாம் மளமளன்னு எறங்கிடும். ஹார்ட்டே நின்னுடலாம். அதான் தெனம் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சங் கொஞ்சமா ஏத்துறோம்."

பட்டினியில் மட்டுமல்ல, சாப்பாட்டிலும் சாவு இருக்கிறது என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சேகருக்கு வரவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் ஹஃபிஸா வந்தார். மனநல மருத்துவர். என் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மலாயில் மெதுவாகக் கேட்டார்: "சாப்பாடு வாயில் இருக்கும்போது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?"

அத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. எல்லோரும் தொண்டையைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் மலாயில் ஒரே சொல்தான் சொன்னேன். மாத்தி. செத்துவிடுவேன்.

அவர் தலையசைத்தார். எழுதவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் நீளமானது, சுருக்கமாக ஆர்ஃபிட் என்கிறார்கள். உணவைத் தவிர்ப்பதும் குறைப்பதுமான கோளாறு. உணவுக் கோளாறு என்றாலே மெலிய ஆசைப்பட்டுப் பட்டினி கிடப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு வகை. அளவில்லாமல் தின்று தீர்ப்பதும், தின்றதை வாந்தியெடுப்பதும் வேறு வகைகள். என்னுடையது, மூச்சடைத்துவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைவிட்டு ஓடுவது. எல்லாமே மனதில் தொடங்கி உடம்பைத் தின்கிற நோய்கள்.

"அப்போ என் பெண்டாட்டிக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா டாக்டர்?" சேகரின் குரல் உடைந்திருந்தது.

"இல்லை. தொண்டை நன்றாக இருக்கிறது. பயம்தான் நோய். இவர் வேண்டுமென்றே செய்யவில்லை. இதற்கு வைத்தியம் இருக்கிறது," என்றார் அவர்.

வைத்தியம் செய்தவர் மாலினி என்ற உளவியலாளர். தமிழ்ப் பெண். மாத்திரையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார்.

"கழுத்தை நல்லா இறுக்கிக்கிட்டு இப்ப முழுங்குங்கக்கா."

முடியவில்லை.

"அதான். பயந்தா தொண்டைச் சதை இறுகும். இறுகினா முழுங்க வராது. வராததைப் பார்த்து, 'ஐயோ அடைச்சிக்கிச்சு'ன்னு மூளை இன்னும் பயப்படும். நீங்க ஒவ்வொரு சாப்பாடா விட்டீங்க இல்ல? விட்டதும் நிம்மதி வந்துச்சா? அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. நீங்க பட்டினி கெடந்து, அதை வளத்து விட்டுட்டீங்க."

"இப்ப அதை எப்படி மிஸ் வெரட்டுறது?"

"வெரட்ட வேணாம். அது பக்கத்துல இருக்கட்டும். அதை வெச்சிக்கிட்டே ஒரு வாய் சாப்பிடுவோம். ஒண்ணும் ஆகலன்னு உங்க மூளை தன் கண்ணாலயே பார்க்கணும். திரும்பத் திரும்பப் பார்க்கணும்."

அப்படித்தான் தொடங்கியது. வடிகட்டாத கஞ்சி அரைக் கரண்டி. வாயில் வைத்ததும் இதயம் காதுக்குள் அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும். பாதி நாள் துப்பிவிடுவேன். மாலினி முகம் சுளித்ததில்லை. "நாளைக்குப் பார்ப்போம்," என்பார்.

அடுத்த கட்டிலில் ஷர்மினி இருந்தாள். அம்பாங்கிலிருந்து வந்தவள், பல்கலைக்கழக மாணவி. அவளுக்கும் மூக்கில் குழாய். அவளுடையது மெலிய ஆசைப்பட்டுப் பட்டினி கிடக்கும் அந்த வகை. மணிக்கட்டு என் விரல் தடிமன்தான் இருக்கும். அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "இதுல இன்னும் கொழுப்பு இருக்கு ஆன்டி," என்பாள். பொய் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

மத்தியானங்களில் மழை பிடிக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஊரே கரைந்து வழியும். வார்டில் எல்லோரும் உறங்க, எங்கள் இருவர் முன்னாலும் சாப்பாட்டுத் தட்டு ஆறிக்கொண்டிருக்கும். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில், குரலே எழாமல் பேசிக்கொள்வோம்.

"ஆன்டி, உங்களுக்கு ஆசை இருக்கு, முழுங்க முடியல. எனக்கு முழுங்க முடியும், ஆசை வந்துடுமோன்னுதான் பயம். நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு நல்ல ஆளு லா."

சிரித்தோம். சிரித்தபோது எனக்குத் தொண்டை வலித்தது, அவளுக்கு விலா வலித்தது.

அவளுடைய அப்பா அம்பாங்கில் டயர் கடை வைத்திருப்பவர். பார்வை நேரம் தொடங்கியதும் வந்துவிடுவார். விரல்களில் கறுப்பு மசகு. மனைவி சமைத்துக் கொடுத்த அடுக்குப் பாத்திரத்தைத் திறந்துவைத்து, உட்காராமல் நின்றுகொண்டே சொல்வார்: "சாப்பிடு மா. ரெண்டு வாய்தானே. சாப்பிடுறதுல என்னா கஷ்டம்? சாப்பாடு இல்லாதவன் எத்தனை பேர் இருக்கான்!" அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் குரல் ஏறும். பிறகு இறங்கும். பிறகு பாத்திரத்தை மூடிக்கொண்டு போவார். ஒருநாள், இங்கே வைத்திருந்து என்ன ஆகிவிட்டது என்று டாக்டர்களிடம் சண்டைபோட்டு, தன் பொறுப்பில் அழைத்துப்போவதாகக் கையெழுத்திட்டு அவளைக் கூட்டிப்போய்விட்டார். வாசலில் அவள் திரும்பிக் கையசைத்தாள். அந்தக் கட்டிலில் அன்று மாலையே வேறு ஒருவர் படுத்திருந்தார்.

அவள் போன பிறகு நான் ஜன்னலோரம் நிற்கத் தொடங்கினேன். கீழே கார் நிறுத்துமிடம். ஒரு மாலையில் எங்கள் பழைய காடி மற்ற கார்களுக்கு நடுவே நிற்பதைப் பார்த்தேன். உள்ளே சேகர். குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். மடியில் தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பாலும் வைத்துக் கட்டிய நாசி லெமாக் பொட்டலம். யாரோ துரத்துவதுபோல அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் போத்தல் தண்ணீரில் கையைக் கழுவி, வாயைத் துடைத்து, சட்டையை உதறி, முகர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ மாதங்களாக அவர் வீட்டில் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. 'வெளிய சாப்பிட்டுட்டேன் மா' என்பார். நானும் நம்பியிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. சோற்று மணம்கூட என்னைத் தொடக்கூடாது என்று காடிக்குள் ஒளிந்து சாப்பிட்டிருக்கிறார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வெறும் மேசையாகிப்போனது என்னால் மட்டுமல்ல, அவருடைய அன்பாலும்தான்.

மேலே வந்ததும் சொன்னேன். "நாளைக்கு இங்க கொண்டாந்து சாப்பிடுங்க."

"என்னாத்த?"

"நாசி லெமாக்க."

அவர் முகம் வெளுத்தது. "உன் முன்னாடி எப்படி புவனா..."

"எனக்குத் தனியாச் சாப்பிடப் பயமா இருக்குங்க."

மறுநாள் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். குற்றவாளிபோலப் பிரித்தார். சம்பால் மணம் என் முகத்தில் வந்து மோதியது. என் கிண்ணத்தில் கஞ்சி. முதலில் இருவருமே சாப்பிடவில்லை. பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், அவர் வேலைக் கதையைத் தொடங்கினார். அன்று காலையில் ஏதோ ஒரு மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். உள்ளே ஒரு சீன ஆன்டி. கதவைத் திறக்க இவர் வேர்த்து விறுவிறுத்துப் போராட, திறந்து பார்த்தால் அந்த ஆன்டி சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ரம்புத்தான் பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "என்னைப் பார்த்து, 'ஆ, பாஸ், வந்துட்டியா? இந்தா ஒண்ணு எடுத்துக்கோ'ன்னு நீட்டுது புவனா!"

நான் சிரித்தேன். கரண்டி வாய்க்குப் போனது. கஞ்சி போனது. உடனே பயமும் வந்தது, தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். சேகர் பாதியில் நிறுத்தினார். "நிறுத்தாதீங்க. அந்த ஆன்டி அப்புறம் என்னா சொன்னாங்க?" என்றேன். இதயம் அடித்தது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அடிப்பு மெல்ல அடங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று சொன்னால் பொய். நனைத்த பிஸ்கட்டுக்கு வந்து மறுபடியும் மைலோவுக்கு இறங்கினேன். வாழைப்பழத்தில் ஒருமுறை புரையேறி இரண்டு நாள் வாயையே திறக்கவில்லை. ஆனாலும் குழாயை எடுத்தார்கள். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியப்பம் சாப்பிடும் நிலைக்கு வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வசந்தா அக்கா மல்துணியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதில் இனி தயிர் வடிகட்டப்போவதாகச் சொன்னார்.

இப்போதும் மாலினியிடம் போய்வருகிறேன். கடைசியாகப் போனபோது, வெளிநோயாளிகள் பகுதியில் மூலை நாற்காலியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். விரல்களைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். ஷர்மினியின் அப்பா.

"அண்ணே, ஷர்மினி எப்படி இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தார். "திரும்பச் சேர்த்துட்டோம் மா. மேலதான் இருக்கா. குளிக்கிற ரூம்ல விழுந்துட்டா." விரல் மசகைத் தேய்த்துக்கொண்டார். "சாப்பிடுன்னு சொல்லாதீங்கன்றாங்க டாக்டர். பெத்த பிள்ளைகிட்ட சாப்பிடுன்னு சொல்லாம வேற என்னாத்தம்மா சொல்றது?"

அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வாங்க அண்ணே, கேண்டீன்ல உக்காந்து பேசுவோம்," என்றேன். ஆளுக்கு ஒரு ரொட்டி சானாயும், பரோட்டா மாதிரிதான் அது, பால் கலந்த சூடான தேயும் வாங்கினேன். எனக்கு வாங்கியது மரியாதைக்குத்தான். ரொட்டி சானாய் அதுவரை நான் விழுங்கத் துணிந்தவற்றின் பட்டியலில் ஏறவில்லை.

சேகர் காடிக்குள் சாப்பிட்டதை அவரிடம் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தையும் பொட்டலத்தையும் சொன்னேன். சீன ஆன்டியின் ரம்புத்தான் வரைக்கும் சொன்னேன். அவர் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் என்னாத்தப் பேசுறது? எனக்கு டயரத் தவிர ஒண்ணும் தெரியாதே."

"டயரைப் பத்தியே பேசுங்க அண்ணே. உக்காந்து பேசுங்க. நின்னுக்கிட்டு வேணாம். நீங்க சாப்பிடுங்க. அவ தட்டைப் பார்க்காதீங்க."

"அதனால சாப்பிட்டுடுவாளா?"

"தெரியல அண்ணே. டாக்டருங்க பார்க்கிற வைத்தியம் இருக்கு, அது வேற. ஆனா அவ தனியா உக்கார வேண்டியிருக்காது."

அவர் இன்னொரு துண்டைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக, நேற்று ஒரு லோரிக்காரன் டயருக்குள் பூனைக்குட்டி இருப்பது தெரியாமல் கடைக்குக் கொண்டுவந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். குட்டியை வெளியே எடுக்க மூன்று பேர் தரையில் படுத்தார்களாம். சொல்லச் சொல்ல அவர் கையெல்லாம் அசைந்தது. நல்ல கதை. நான் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இதைச் சொன்னா அவ சிரிப்பா மா," என்று சட்டென்று எழுந்தார். கல்லாவுக்குப் போய் இன்னொரு ரொட்டியைப் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டச் சொன்னார். "எனக்குத்தான். மேல உக்காந்து சாப்பிடப் போறேன்," என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போனார்.

நான் தேயைக் குடித்து முடிக்கலாம் என்று குனிந்தேன். என் தட்டில் கொஞ்சம் பருப்பு மட்டும் இருந்தது. ரொட்டி இல்லை. எப்போது பிய்த்தேன், எப்போது மென்றேன், எப்போது விழுங்கினேன் என்று எதுவும் எனக்கு நினைவில்லை.